பாட்டு உங்கள் பேரில் இருக்கட்டும்

அவனியாபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தை முதல் நாள் ஜல்லிக்கட்டுதான் ஞாபகம் வரும். உள்ளூர்க்காரனாகிய எனக்கு இன்னொன்றும் தெரியும். வில்லாபுரத்திலிருந்து பெருங்குடி வரைக்கும் மாடி அறைகளில் ஒரு லேப்டாப், ஒரு மைக், சுவரில் ஒட்டிய ஸ்பாஞ்சு, இவ்வளவை வைத்துக்கொண்டு பிள்ளைகள் சொந்தமாகப் பாட்டுப் போடுகிறார்கள். நான் மைக்செட் கட்டியவன்; பிறகு மெல்லிசைக் குழுக்களுக்கு ஒலி அமைத்தவன். அதனால், "ஐயா, பாட்டு ரெடி, அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டு வருகிறார்கள். வருகிறவர்களிடம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. முதலில் மதுரையின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சினிமா வந்த பிறகுதான் பாட்டு வியாபாரமானது என்று நினைக்காதீர்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கியது மதுரையில்தான். இப்படிச் சிறுவர்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டன. மேடையில் எடுபட்ட பாட்டை கிராமபோன் கம்பெனிகள் தட்டில் பதித்து விற்றன. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடைக்கு வெளியே ஊரெங்கும் போய்ச் சேர்ந்தது அந்தத் தட்டுகளால்தான். 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். மேடையில் ஒன்ஸ்மோர் வாங்கி நீட்டிப் பாடியவர்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்கப் பழகினார்கள். 1916இல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, பத்து வயது வாக்கிலேயே தட்டுக்குப் பாடியவர்.

1931இல் 'காளிதாஸ்' வந்தது. பேசும் படம் என்பார்கள், ஆனால் அந்தக் காலப் படங்களில் பேச்சைவிடப் பாட்டே அதிகம். 1937இல் 'சிந்தாமணி' வந்தது. பாடி நடித்தவர் எம்.கே. தியாகராஜ பாகவதர், பாட்டு எழுதியவர் பாபநாசம் சிவன், எடுத்தவர்கள் மதுரை ராயல் டாக்கீஸ்காரர்கள். பாட்டுக்காகவே ஜனம் திரும்பத் திரும்ப வந்தது. அந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டர் எழும்பியது, அதற்குப் பெயரும் சிந்தாமணிதான். இதை மனதில் வையுங்கள். முதலாளிக்குத் தியேட்டர், பாடியவருக்கும் எழுதியவருக்கும் பேசிய சம்பளம்: அதுதான் அன்றைய வழக்கம். பெரிய மனிதர்களுக்கே அப்படி என்றால் ஆர்மோனியம் வாசித்தவரையும் மிருதங்கக்காரரையும் யோசித்துப் பாருங்கள்.

2. கருவியை நம்பித் தொழிலைக் கட்டாதீர்கள்.

நான் தொழிலுக்கு வந்தபோது காப்புக் கட்டும் நாளிலிருந்து கோயில் தெருவில் குழாய் கட்டுவோம். மரப்பெட்டி நிறைய ரெக்கார்டு, ஆம்ப்ளிஃபயர், பேட்டரி. முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு, அடுத்து எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. இந்த வரிசை மாறினால் பெரியவர்கள் ஆள் விட்டுக் கேட்பார்கள். ராத்திரியில் 'திருவிளையாடல்' வசனம் ஓடும். கேட்கிற கூட்டம் சிவாஜிக்கு முந்திக்கொண்டு தானே வசனம் சொல்லும். ஒரு ரெக்கார்டைக் கையில் எடுத்தால் கீறல் எந்தப் பாட்டில், எந்தச் சரணத்தில் விழுந்திருக்கிறது என்று மைக்செட்காரனுக்குத் தெரியும். அங்கே ஊசி மாட்டாதபடி விரலால் லேசாகத் தள்ளிவிடுவோம்.

வீடுகளில் சிலோன் ரேடியோ. 1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சரானபின் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தது. கேட்கிற ஜனம் கடலுக்கு அந்தப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டது. விவித்பாரதியை 1957இல் தொடங்கியும் சிலோன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரலுக்கு இருந்த மவுசு இங்கே குறையவில்லை. ஜனம் கேட்கிற பாட்டை அரசாங்கமே தடுத்தாலும் அது வேறு வாசல் வழியாக வந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிறகு கேசட். வளைகுடாவுக்குப் போனவர்கள் டேப்ரிக்கார்டர் கொண்டுவந்தார்கள். டெல்லியில் குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் கேசட் விலையைச் சாமானியன் கைக்கு இறக்கியது. நம் டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. நோட்டுத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால், 60 நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு ஏற்றித் தருவார்கள். ஏ சைடு கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும். கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்ன நாக்கை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் மறுபடி பதிய முடியாது. பதிய நினைப்பவர்கள் அந்த ஓட்டையில் டேப் ஒட்டிக்கொள்வார்கள். இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கி ஊரையே பாட்டால் நிறைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் பாட்டை ஏற்றி விற்றே குடும்பம் நடத்திய கடைகள் உண்டு. அதில் பாட்டுப் போட்டவருக்கும் எழுதியவருக்கும் ஒரு பைசா போகவில்லை.

அந்தக் கடைகளும் போயின. சி.டி. வந்து சீக்கிரமே மறைந்தது. செல்போன் கடைக்காரர் மெமரி கார்டில் நானூறு, ஐநூறு பாட்டு ஏற்றித் தந்தார். காலர் டியூன் வந்து கம்பெனிகளுக்குக் கொட்டிக் கொடுத்தது. தொலைத்தொடர்பு ஆணையமான டிராய், வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்கச் சொன்னதும் அந்த வரவு சரிந்தது. 2019இல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. 2020இல் டிக்டாக் ஒரே நாளில் தடையானது. அதை நம்பி இருந்த பிள்ளைகள் மறுநாள் காலை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றதை நீங்களே பார்த்தீர்கள்.

இத்தனையிலும் நிலைத்து நின்றது யார்? எச்.எம்.வி. கம்பெனியைப் பாருங்கள். தட்டு விற்றது, கேசட் விற்றது, 2000இல் சரிகம என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2017இல் ஐயாயிரம் பழைய பாட்டைப் பெட்டிக்குள் போட்டு 'கார்வான்' என்று விற்றது. நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது அதைத்தான். செல்போனில் நீங்கள் கேட்கிற பழைய பாட்டுக்கும் அதற்குப் பங்கு போகிறது. கருவி எதுவாக மாறினாலும் உரிமைப் பத்திரம் அதன் பீரோவில் இருக்கிறது. குழாய் கட்டிய நாங்களும் கேசட் ஏற்றியவர்களும் கார்டு ஏற்றியவர்களும் அதே ஊரில் வேறு வேலை தேடினோம்.

3. கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள்.

நான் சொல்வதில் இது ஒன்றை மட்டும் கேட்டாலும் போதும்.

ஒரு பாட்டில் மூன்று உரிமை இருக்கிறது. வரி எழுதியவருக்கு ஒன்று, மெட்டுப் போட்டவருக்கு ஒன்று, பதிவு செய்யப் பணம் போட்டவருக்கு ஒன்று. 1957 காப்புரிமைச் சட்டம் இதைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் 1977இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கூலி கொடுத்துப் படத்துக்குப் போடச் சொன்ன பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்புச் சொன்னது. எதிர்த்து நின்றது இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்குமான ஐ.பி.ஆர்.எஸ். சங்கம். அதன்பின் முப்பத்தைந்து ஆண்டு, சினிமாவுக்கு எழுதியவர்களும் இசையமைத்தவர்களும் பேசிய தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். 2012இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. மாநிலங்களவையில் இதற்காகப் போராடியவர் கவிஞர் ஜாவேத் அக்தர். இன்றைக்கு நீங்கள் பாட்டை ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற வகையில் வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உள்ள சம பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் அந்த வரி செல்லாது.

அதே திருத்தத்தில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. நீங்கள் கையெழுத்துப் போட்ட நாளில் இல்லாத ஒரு கருவிக்கு, பத்திரத்தில் அதைக் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால், உங்கள் உரிமை போகாது. தட்டுக்காகப் பாடியவருக்கு கேசட்டிலும், கேசட்டுக்காக எழுதியவருக்கு செல்போனிலும் ஒன்றும் வராமல் போனதைப் பார்த்துத்தான் இந்த வரியைச் சேர்த்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இதனால்தான் இப்போது நீட்டுகிற பத்திரங்களில், "நிரந்தரமாக, உலகம் முழுவதும், இன்றுள்ள மற்றும் இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் நாலாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நம் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு கம்பெனியின் ஆறு பக்கப் பத்திரத்தில் டீக்கடை பெஞ்சில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். அவன் பாட்டை அவனே தன் சேனலில் ஏற்றியபோது, உரிமை மீறல் என்று யூடியூப் எடுத்துவிட்டது. ஒரு சென்ட் மனை வாங்க வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, பட்டா பார்த்து, வக்கீலிடம் காட்டுகிறோம். பாட்டுக்கும் அந்த எச்சரிக்கை வேண்டும்.

பத்திரத்தில் மூன்று இடத்தில் விரல் வையுங்கள். எத்தனை வருடத்துக்கு? எந்தெந்த நாட்டுக்கு? எந்தெந்த வழியில்? சட்டப்படி, காலம் எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு. இடம் எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஒரு வருடம் பயன்படுத்தாமலே போட்டுவைத்தால், வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, உரிமை உங்களிடம் திரும்பி வரும். "நிரந்தரமாக" என்ற இடத்தில் ஐந்தோ பத்தோ ஆண்டு எழுதச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் தொகையைக் கூட்டிக் கேளுங்கள். அதற்கும் மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்கு வயது இருக்கிறது.

4. கூட்டாகப் போட்ட பாட்டில் பங்கை, வெளியிடும் முன்பே எழுதுங்கள்.

நண்பர்கள்தானே என்பீர்கள். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்கப் போனது. தமிழில் சினிமாவுக்கு வெளியே அப்படி ஒரு பாட்டு வந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் அதில் யார் எதைச் செய்தார்கள் என்பது பொதுவெளியில் பேச்சாகி, பாட்டில் இருந்த எல்லோருக்கும் மனவருத்தமானது. 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பெயர் பெற்றவர்களுக்கே இந்த நிலை. ஒரு வெள்ளைத்தாள் போதும்: பாட்டின் பெயர், தேதி, வரி யார், மெட்டு யார், பீட் யார், பாடியது யார், யாருக்கு எத்தனை சதவீதம், எல்லோர் கையெழுத்தும். போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

5. அடுத்தவர் பாட்டைப் பாடும்போது அடுத்தவர் சொத்தில் நிற்கிறீர்கள்.

2017இல் இளையராஜா, தன் பாட்டுகளை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கே நோட்டீஸ் அனுப்பினார். ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. 2024இல், 'குணா' பாட்டுக்காக 'மஞ்சும்மல் பாய்ஸ்' படக்காரர்களுக்கும் நோட்டீஸ் போனது. என் எண்ணத்தைச் சொல்கிறேன்: அவர் கேட்டது சரி. கேட்ட விதத்தில் சிலருக்கு வருத்தம் இருக்கலாம்; ஆனால் மெட்டுப் போட்டவன் தன் பங்கைக் கேட்கலாம் என்பது அந்தச் சண்டைகளால்தான் நம் ஊர்த் தபேலாக்காரர் வரைக்கும் தெரிந்தது.

சமயச் சடங்கிலும், கல்யாண ஊர்வலத்திலும் அதைச் சேர்ந்த கொண்டாட்டத்திலும் பாட்டுப் போடச் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிக்கும் ஹோட்டலில் வாசிப்பதற்கும் உரிமம் வேண்டும். அதை நடத்துகிறவர் வாங்கினாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பாட்டை உங்கள் குரலில் பதிந்து விற்க நினைத்தால், முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும்; முன்கூட்டித் தகவல் கொடுத்து ராயல்டியும் கட்ட வேண்டும்.

6. நாட்டுப்புறப் பாட்டு அநாதை என்று நினைக்காதீர்கள்.

நம் மண்ணின் பெரிய செல்வம் இதுதான். காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கணவரோடு சேர்ந்து கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுச் சேர்த்து, மேடையிலும் கேசட்டிலும் கொண்டுவந்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பரவை முனியம்மா வயலிலும் கோயிலிலும் பாடியவர், 2003இல் 'தூள்' படத்தில்தான் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தார். கொல்லங்குடி கருப்பாயி 1985இல் 'ஆண்பாவம்' வழியாக வந்தார். இவர்களைப் போலப் பாடிய எத்தனையோ பெண்கள் பேர் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நடவுப் பாட்டையோ ஒப்பாரியையோ பீட் சேர்த்துப் போடப் போகிறீர்களா? போடுங்கள், அது வாழட்டும். யாரிடம் கேட்டீர்களோ அவர் பேரையும் ஊரையும் பாட்டின் கீழே எழுதுங்கள், வரும் பணத்தில் அவருக்குப் பங்கு கொடுங்கள். பொதுப்பாட்டு என்று சொல்கிற பலவற்றுக்கும் எழுதியவர் உயிரோடு எங்கோ இருக்கிறார். செந்தில் கணேஷ், ராஜலட்சுமி தம்பதி மேடையில் பாடிப் பிரபலமாக்கி, பிறகு 'சார்லி சாப்ளின் 2' படத்துக்குப் போன பாட்டைக் கேட்டவர்கள் அது காலங்காலமாக இருக்கும் பாட்டு என்றே நினைத்தார்கள். அதை எழுதியவர் செல்ல தங்கையா. விசாரித்தால் பேர் கிடைக்கும். விசாரிக்காமல் "பாரம்பரியம்" என்று போட்டுவிடுவது திருட்டு.

7. திருவிழா மேடையை விட்டுவிடாதீர்கள்.

மாசியிலிருந்து வைகாசி வரையிலும் பிறகு ஆடியிலும் மதுரையைச் சுற்றிக் கச்சேரி இல்லாத ராத்திரி அபூர்வம். ஸ்ட்ரீமிங்கில் பைசா பைசாவாக வருவதை எண்ணுகிற இந்தக் காலத்திலும் பாடகனுக்கும் வாசிக்கிறவனுக்கும் கையில் காசு தருவது மேடைதான். பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடை ஏறிய தம்பிகள்தான் பிறகு இளையராஜாவும் கங்கை அமரனும்.

சில நடைமுறைகள். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வாங்கும்போதே மீதி எப்போது என்று எழுதி வாங்குங்கள். கச்சேரி முடிந்த பிறகு கமிட்டியில் யாரும் கண்ணில் பட மாட்டார்கள். கடைசிப் பாட்டுக்கு முன்பே மீதி கைக்கு வர வேண்டும். போலீஸ் அனுமதியை நீங்களே கண்ணால் பாருங்கள். ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு விதி. ஏழு மணிக் கச்சேரியை ஒன்பதுக்குத் தொடங்கினால் நஷ்டம் உங்களுக்கு. வாசிக்கிறவர்களுக்கு முதலில் சம்பளம் கொடுத்துவிட்டுப் பிறகு உங்கள் பங்கை எடுங்கள். தாளக்காரர் வயிறெரிந்து போன குழு அடுத்த சீசனைப் பார்த்ததில்லை.

8. வியூஸ் எண்ணிக்கையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

'ரவுடி பேபி' நூறு கோடிப் பார்வை போனதைப் பார்த்து மயங்குகிறீர்கள். அதன் பின்னால் ஒரு பெரிய படமும் ஒரு கம்பெனியும் இருந்தன. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை ஓடாவிட்டால் காசே கணக்கில் வராது என்று 2024 முதல் விதி. அத்தனை முறை கேட்கிற ஆட்களை உங்கள் தெரு, உங்கள் கல்லூரி, உங்கள் கச்சேரி கேட்டவர்கள் என்று உண்மையாகச் சேர்ப்பது முடியாத காரியம் இல்லை. எழுதுகிறவர்களும் மெட்டமைக்கிறவர்களும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் சேருங்கள். நிரந்தர வருமானம் வரும்வரை பார்க்கிற வேலையை விடாதீர்கள்.

9. சுருதியும் பதிவும் சுத்தமாக இருக்கட்டும்.

டி.எம். சௌந்தரராஜன் 1922இல் மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்து, காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் முறையாகக் கற்றுக் கச்சேரி செய்தவர். எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் தனித்தனியாகக் குரல் மாற்றிப் பாட முடிந்தது அந்த அடித்தளத்தால். ஆட்டோட்யூன் உங்கள் பிழையை மறைக்கும். மேடையில் அது உடன் வராது. தினமும் ஒரு மணி நேரம் தம்புராவோ சுருதிப் பெட்டியோ வைத்துப் பாடுங்கள்.

பாட்டின் மூலப் பதிவைத் தனித்தனி டிராக்காக இரண்டு இடத்தில் வைத்திருங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டோடு எங்கள் காலத்து உள்ளூர்க் குழுக்களின் சொந்தப் பாட்டெல்லாம் போய்விட்டன. ஒன்றைக்கூட மீட்க முடியவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

10. உங்கள் சொந்தப் பாட்டுக்கு மேடை கேளுங்கள்.

சினிமாப் பாட்டைப் பாடிக் கைதட்டு வாங்குவது சுலபம். கச்சேரியில் மூன்றாவது, நான்காவது இடத்தில், கூட்டம் உட்கார்ந்த பிறகு, கலைவதற்கு முன், உங்கள் பாட்டு ஒன்றை வையுங்கள். யார் எழுதியது, எந்தத் தெருப் பிள்ளை என்று மைக்கில் சொல்லிவிட்டுப் பாடுங்கள். முதல் வருடம் பேசாமல் கேட்பார்கள். மூன்றாம் வருடம் அவர்களே கேட்பார்கள்.

இது விழாக் கமிட்டிப் பெரியவர்களுக்கும்தான். வெளியூர்க் குழுவுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறோம். இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு அந்தக் கச்சேரிக்கு முன்னால் அரை மணி நேரம் நம் ஊர்ப் பிள்ளைகளின் சொந்தப் பாட்டுக்கு ஒதுக்குங்கள், நோட்டீஸில் அவர்கள் பேரைப் போடுங்கள், சம்பளமும் கொடுங்கள். அன்றைக்கு ஒலி அமைப்புச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.